டேங்க் இல்லாத எலக்ட்ரிக் ஹீட்டரை நாமே வடிவமைக்கலாமா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேளச்சேரியில் மூன்று மாடிக் கட்டடம், அதில் மேல்மாடி ஃபிளாட் உங்களுடையது. அப்பா, அம்மா, பள்ளிக்குப் போகும் குழந்தை என்று வீட்டில் ஐந்து பேர். பாத்ரூமில் இருக்கும் 15 லிட்டர் கீசர் அடியில் ஒழுகுகிறது. அதைக் கழற்றிவிட்டு, அமெரிக்க வீடியோ ஒன்றில் பார்த்ததுபோல, டேங்கே இல்லாமல் குழாயைத் திறந்தவுடன் வெந்நீர் தரும் ஹீட்டரை நீங்களே வடிவமைக்க நினைக்கிறீர்கள். எத்தனை கிலோவாட் வேண்டும், இருக்கிற 16 ஆம்பியர் பாயின்ட் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில் "வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள்" என்றும் சேர்த்திருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை உண்மையான கேள்வி அந்த வரிதான். நாமே செய்த ஒன்றை நம்பி அம்மாவைக் குளிக்க அனுப்பலாமா? அதை மனத்தில் வைத்தே பதில் எழுதுகிறேன்.

நான் எலக்ட்ரிக்கல் படித்தவன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஹீட்டர் எலிமென்ட் (மின்சாரத்தில் சூடாகித் தண்ணீரைச் சூடாக்கும் பாகம்) செய்யும் ஒரு பட்டறையில் தொடங்கி, கீசர் வடிவமைப்பு, சோதனை, திரும்பி வந்த பீஸ்களைப் பிரித்துக் காரணம் தேடுவது என்று இதே வேலையில் இருந்தவன். அந்த அனுபவத்தில் சுருக்கமான பதில் இது: சென்னையில் தண்ணீரைச் சூடாக்குவது சுலபம், அதற்கு 3 கிலோவாட், அதிகம் போனால் 4.5 கிலோவாட் போதும். சிரமமெல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது. தண்ணீர் நின்ற பிறகு வரும் சில விநாடிகள், நம் ஊர் உப்பு, வீட்டு எர்த் ஆகிய மூன்றும்தான் இந்த வடிவமைப்பின் உயிர்நாடி.

கணக்கிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.19 கிலோஜூல் வேண்டும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடும் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற வேண்டுமானால் அது ஏறக்குறைய 70 வாட். ஓட்டத்தையும் ஏற்ற வேண்டிய டிகிரியையும் 70-ஐயும் பெருக்கினால் தேவையான வாட் கிடைத்துவிடும். அமெரிக்காவின் வட மாநிலங்களில் குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 5 முதல் 10 டிகிரியில் வரும். அதை 40 டிகிரிக்கு ஏற்றி, ஒரே நேரத்தில் இரண்டு ஷவருக்கும் சமையலறைக்கும் கொடுக்க 27 கிலோவாட் வரை போகிறார்கள். 240 வோல்ட்டில் அது 112 ஆம்பியர். நம் வீட்டு மெயினே அவ்வளவு தாங்காது, தாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

மார்கழி, தை மாத விடியற்காலையில்கூட நம் மாடித் தொட்டித் தண்ணீர் பெரும்பாலும் 23 முதல் 25 டிகிரிக்குக் கீழே இறங்காது. குளிக்க 38 முதல் 40 டிகிரி இதமாக இருக்கும். ஆக ஏற்ற வேண்டியது 15 டிகிரி, மிஞ்சிப்போனால் 17. பதினைந்தை எழுபதால் பெருக்கினால் 1050 வாட். சென்னைக்கான சூத்திரமாக இதையே வைத்துக்கொள்ளுங்கள்: நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஒரு கிலோவாட். 3 கிலோவாட்டுக்கு நிமிடத்தில் 3 லிட்டர் வரும், 15 லிட்டர் பக்கெட் ஐந்து நிமிடத்தில் நிறையும். கை ஷவருக்கு 4 லிட்டர் ஓட்டம் போதும் என்பதால் 4.5 கிலோவாட். தலைக்கு மேல் பொழியும் பெரிய ஷவர் நிமிடத்துக்கு 8 லிட்டர் கேட்டால் 8 கிலோவாட்டுக்கு மேல், அதாவது 35 ஆம்பியருக்கு மேல். த்ரீ ஃபேஸ் சப்ளையும் தனி வயரிங்கும் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். ஐந்து பேரும் பக்கெட்டில்தான் குளிக்கிறீர்கள் என்றால் உங்கள் தேவை 3 கிலோவாட்டோடு முடிந்துவிடுகிறது.

இதில் வோல்டேஜையும் சேர்க்க வேண்டும். எலிமென்டின் சக்தி வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். 230 வோல்ட்டில் 3 கிலோவாட் தரும் எலிமென்ட் 200 வோல்ட்டில் 2.27 கிலோவாட்தான் தரும், கிட்டத்தட்ட கால் பங்கு காணாமல் போய்விடும். காலை ஆறு மணிக்குக் கட்டடம் முழுக்க மோட்டாரும் கீசரும் ஓடும்போது உங்கள் பிளக் பாயின்ட்டில் எவ்வளவு வருகிறது என்று ஒரு மல்டிமீட்டரால் பார்த்துவிடுங்கள். டேங்க் உள்ள கீசரில் இந்தக் குறை தெரியாது, இரண்டு நிமிடம் கூடக் காத்திருந்தால் சரியாகிவிடும். டேங்க் இல்லாததில் அந்தக் குறை உடனே உடம்பில் தெரியும்.

நடுவில் ஒரு விஷயம். கடையில் 'இன்ஸ்டன்ட் கீசர்' என்று விற்பதற்கும் நீங்கள் வீடியோவில் பார்த்ததற்கும் வித்தியாசம் உண்டு. கடையில் கிடைப்பதற்குள் 1 முதல் 3 லிட்டர் வரை ஒரு சின்ன டேங்க் இருக்கும், 3 அல்லது 4.5 கிலோவாட் எலிமென்ட் அதற்குள் மூழ்கியிருக்கும். ஸ்விட்ச் போட்டு ஒரு நிமிடம் பொறுத்தால் போதும். வீடியோவில் இருப்பது நிஜமாகவே டேங்க் இல்லாதது. ஒரு குறுகலான பாதையில் தண்ணீர் ஓட, அந்த ஓட்டத்தை அளந்து மின்சாரத்தைக் கூட்டிக் குறைப்பது. மின்கட்டணத்துக்காக இரண்டாவதைத் தேடுகிறீர்கள் என்றால் அந்த எண்ணத்தை விட்டுவிடலாம். ஒரு பக்கெட்டை 15 டிகிரி ஏற்ற கால் யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும், எந்த ஹீட்டரானாலும் அதேதான். ஐந்து பேருக்கு இரண்டு மாதத்தில் 80 யூனிட் அளவு. டேங்க் இல்லாததால் மிச்சமாவது, டேங்கில் சும்மா இருக்கும் வெந்நீர் இழக்கும் சூடு மட்டும். நாளெல்லாம் கீசரை ஆனில் வைத்திருக்கும் வீட்டில் அது கணிசமான அளவு. நம் வீடுகளில் குளிக்கப் போகும்முன் போட்டு, குளித்ததும் அணைத்துவிடுகிறோம். அங்கே மிச்சம் மிகக் குறைவு.

இனி நான் மிக முக்கியமாக நினைக்கும் இடம். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்வரை ஹீட்டரில் ஒரு பிரச்சினையும் இல்லை. ஓட்டம் நின்ற கணத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். உள்பாதையில் கால் லிட்டர் தண்ணீர் நிற்கிறது, 3 கிலோவாட் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்றால், விநாடிக்குக் கிட்டத்தட்ட 3 டிகிரி ஏறும். 40 டிகிரியில் இருந்த தண்ணீர் இருபது விநாடியில் கொதிநிலைக்கு வந்துவிடும். 3 லிட்டர் டேங்கில் அதே தவறு நடந்தால் கொதிக்க நான்கு நிமிடம் ஆகும். டேங்க் நமக்குக் கொடுக்கும் பெரிய நன்மை இந்த அவகாசம்தான். அதை எடுத்துவிட்டால் அந்த இருபது விநாடிக்குள் மின்சாரத்தை நிறுத்தும் பொறுப்பு முழுவதும் உங்கள் வடிவமைப்பின் தலையில் விழுகிறது.

நிறுத்துவதற்கு நீங்கள் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோ சென்சார் வைப்பீர்கள். கடைகளில் கிடைக்கும் சின்ன சக்கர சென்சார், சுற்றும் வேகத்துக்கு ஏற்பத் துடிப்பு கொடுப்பது. அது நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குக் கீழே சரியாகப் படிக்காது. அதைவிடப் பெரிய தொல்லை, போர் தண்ணீரில் வரும் மணல். சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் இரண்டு மணல் துகள் போதும், சக்கரம் நின்றுவிடும். நின்றால் ஹீட்டர் ஆன் ஆகாது, அது பாதுகாப்பான பழுதுதான், கோபம் மட்டும்தான் வரும். ஆனால் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ட்ரையாக் பழுதானால் கதை வேறு. ட்ரையாக்கும் அதே வேலை செய்யும் எஸ்.எஸ்.ஆரும் (சாலிட் ஸ்டேட் ரிலே) பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். அப்போது உங்கள் மைக்ரோகன்ட்ரோலர் (புரோகிராம் ஓடும் சிப்) 'நிறுத்து' என்று எத்தனை முறை சொன்னாலும் எலிமென்ட் முழுச் சக்தியில் எரியும். புரோகிராமை எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் அங்கே பயன்படாது.

ஆகவே கன்ட்ரோல் போர்டை நம்பாத ஒரு தெர்மல் கட்அவுட், அதாவது சூடு எல்லை மீறினால் மின்சாரத்தை அறுக்கும் பாகம், கட்டாயம் வேண்டும். அது ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் அறுக்க வேண்டும், அறுத்த பிறகு தானாக மீண்டும் சேரக் கூடாது, ஒருவர் கையால் அழுத்தினால்தான் சேர வேண்டும். எங்கே பொருத்துகிறீர்கள் என்பதும் முக்கியம். பிளாஸ்டிக் உடம்பின் வெளியே ஒட்டினால் உள்ளே ஆவி கிளம்பிய பிறகுதான் அதற்குச் சூடே தெரியும். எலிமென்டின் மேல்முனைக்கு அருகில், உலோகத்தோடு நேராகத் தொட்டபடி இருக்க வேண்டும். ஆவி வந்தால் அழுத்தம் போக வழியும் வேண்டும். தொட்டியிலிருந்து நேராக வரும் லைன் என்றால் அது தொட்டிப் பக்கமே திரும்பிப் போய்விடும். நடுவில் பிரஷர் பம்பும் அதோடு தண்ணீரைத் திரும்பிப் போகவிடாத நான்-ரிட்டர்ன் வால்வும் இருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும், அப்போது பிரஷர் ரிலீஃப் வால்வு இல்லாமல் ஓட்டவே கூடாது.

கொதிக்கும் அளவுக்குப் போகாவிட்டாலும் ஆபத்து உண்டு. கட்டுப்பாடு இல்லாத 3 கிலோவாட் எலிமென்டில், தொட்டி பாதி காலியாகி ஓட்டம் 1.5 லிட்டராகக் குறைந்தால், ஏற்றம் 28 டிகிரியைத் தாண்டும். ஜனவரியில் அது 53 டிகிரித் தண்ணீர். மே மாதம் தொட்டித் தண்ணீரே 38 டிகிரி இருக்கும்போது யாராவது ஸ்விட்சை மறந்துவிட்டுப் போயிருந்தால் 66 டிகிரி. 60 டிகிரித் தண்ணீர் ஐந்து விநாடி அளவில் பெரியவர் தோலையே ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தைக்கும் வயதானவருக்கும் தோல் மெலிது, விலகும் வேகமும் குறைவு. உங்கள் வீட்டில் இருவருமே இருக்கிறார்கள். வெளியேறும் தண்ணீர் 45 டிகிரியைத் தாண்டினால் நிறுத்திவிடும்படி வையுங்கள்.

மேல்மாடி என்பதால் உங்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். தொட்டியின் அடி உங்கள் ஷவருக்கு இரண்டு, மூன்று மீட்டர் மேலேதான் இருக்கும், அழுத்தம் 0.2 முதல் 0.3 பார். கீழ்த்தளத்துக்காரருக்குக் கிட்டத்தட்ட 1 பார் கிடைக்கும். நிஜமான டேங்க்லெஸ் ஹீட்டர்கள் பல, நகராட்சி லைனின் நல்ல அழுத்தத்தை நம்பிச் செய்யப்பட்டவை. நிமிடத்துக்கு 2 லிட்டருக்கு மேல் ஓடினால்தான் உயிர்பெறும். உள்பாதையைக் குறுகலாகச் செய்தால் சூடு நன்றாக ஏறும், ஆனால் உங்களுக்கு இருக்கும் கொஞ்சநஞ்ச ஓட்டமும் போய்விடும். பாதையை அகலமாக்கினால் உள்ளே தண்ணீர் கூடும், பதில் சொல்லும் வேகம் குறையும். மேல்மாடிக்கு நான் அகலத்தின் பக்கம்தான் நிற்பேன். கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்திக்கொண்டே போனால் வந்து நிற்பது அந்த ஒன்றிரண்டு லிட்டர் டேங்கில்தான் என்பதையும் கவனியுங்கள். நம் ஊர் இன்ஸ்டன்ட் கீசர் அந்த உருவத்துக்கு வந்ததில் நியாயம் இருக்கிறது.

அடுத்தது உப்பு. சூடானால் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் உடைந்து கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சுண்ணாம்பாக, எலிமென்டின் மேல் படியும். சர்வீஸுக்கு வரும் எலிமென்டைக் கையில் எடுத்தால் செம்பு நிறம் எங்கேயும் தெரியாது. வெள்ளையும் பழுப்புமாகச் சொரசொரப்பான ஓடு மூடியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் சில்லுச் சில்லாக உதிரும், வளைவுகளில் மட்டும் கல்லாகி விடாமல் நிற்கும். அந்த வளைவுக்கு அடியில் பார்த்தால்தான் கருத்த புள்ளியும் மெல்லிய வெடிப்பும் இருக்கும். சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் உள்ளேயே தேங்கி உறை பிளந்த இடம் அது. பிளந்ததும் தண்ணீர் உள்ளே இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடுப் பொடியில் இறங்கும், அங்கிருந்து கரன்ட் தண்ணீருக்கு வரும்.

இதைத் தள்ளிப்போட எலிமென்டின் பரப்பை அதிகமாக்க வேண்டும். 8 மில்லிமீட்டர் குழாய் எலிமென்ட் 1.2 மீட்டர் நீளம் இருந்தால் 3 கிலோவாட்டுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 10 வாட் வரும். அதையே 1.6 மீட்டராக்கினால் 7.5 வாட்டுக்கு இறங்கும். போர் தண்ணீருக்கு 7 அல்லது 8-ஐத் தாண்ட வேண்டாம் என்பது என் பழக்கம். இந்த எண் இயற்பியல் விதி கிடையாது, பட்டறை அனுபவம். வேறு ஒரு வடிவமைப்பாளர் 10 சரிதான் என்று வாதிடலாம், மெட்ரோ வாட்டர் மட்டும் வரும் வீட்டில் அவர் சொல்வதும் சரியாகவே இருக்கும். உறை எந்த உலோகம் என்பதிலும் ஒரே பதில் இல்லை. செம்பு சூட்டை நன்றாகக் கடத்தும். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பார்வைக்கு உறுதி, ஆனால் குளோரைடு மிகுந்த சூடான தண்ணீரில் ஊசிமுனைத் துளைகள் விழும், கடலோரப் பகுதிகளில் இதை மறக்கக் கூடாது. இன்கலாய் 800 என்ற நிக்கல் கலந்த உலோகம் விலை கூடுதல், நான் என் வீட்டுக்கு என்றால் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஐரோப்பிய வடிவமைப்புகளைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம் என்று சொல்லவும் இதே உப்புதான் காரணம். அங்கே சில வகைகளில் உறையே இல்லாமல், நிக்ரோம் கம்பி நேராகத் தண்ணீரில் இருக்கும். பதில் சொல்லும் வேகம் அபாரம், சுண்ணாம்பும் எளிதில் ஒட்டாது. ஆனால் தண்ணீரின் மின்தடை குறிப்பிட்ட அளவுக்குக் குறையக் கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருப்பார்கள். அது பொதுவாக 1000 ஓம்-சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 1000 உள்ள போர் தண்ணீரில் அது 650 அளவுக்கு இறங்கிவிடும், உப்பு கூடக் கூட இன்னும் இறங்கும். தண்ணீர் வழியாகக் கசியும் கரன்ட் அந்த அளவுக்குக் கூடும். செம்பரம்பாக்கத்துத் தண்ணீர், லாரித் தண்ணீர், போர் தண்ணீர் எல்லாம் ஒரே சம்ப்பில் கலக்கும் ஊரில் இன்றைய தண்ணீரைப் பார்த்து நாளைக்குச் சொல்ல முடியாது. திறந்த கம்பி வகையைச் சென்னையில் யாரும் முயல வேண்டாம், இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை.

கட்டுப்பாட்டுச் சுற்று பற்றி நீங்கள் நிறையக் கேட்டிருந்தீர்கள். அதில் சிக்கல் குறைவு. உள்ளே வரும் சூட்டையும் ஓட்டத்தையும் அளந்து, தேவையான வாட்டை மேலே சொன்ன பெருக்கலால் நேராகக் கணக்கிட்டுக் கொடுங்கள். வெளியே வரும் சூட்டைப் பார்த்து அதில் சின்னத் திருத்தம் மட்டும் செய்யுங்கள். வெளிச் சூட்டை மட்டும் நம்பினால், தண்ணீர் உள்ளிருந்து வெளியே வரும் தாமதத்தில் சூடும் குளிருமாக மாறி மாறி அடிக்கும். ட்ரையாக்கை உள்ளே வரும் குளிர்ந்த தண்ணீர்க் குழாயின் உலோகத்தில் பொருத்துவது வழக்கம், 13 ஆம்பியரில் அது 15 வாட்டுக்கு மேல் சூடாகும். முழு அலைகளாக விட்டுவிட்டுக் கொடுக்கும் முறையில் ரேடியோ இரைச்சல் வராது, ஆனால் வீட்டு விளக்குகள் லேசாகத் துடிக்கும்.

இப்போது அந்த 16 ஆம்பியர் பாயின்ட். 3 கிலோவாட் 13 ஆம்பியர் இழுக்கும், பாயின்ட் தாங்கும், ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் ஒயர் தாங்குமா என்று பார்க்க வேண்டும். மெயின் போர்டிலிருந்து 20 மீட்டர் தூரத்துக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் ஒயர் போட்டிருந்தால், 6 வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே விழும், 80 வாட் சுவருக்குள் சூடாகும். 4 ஸ்கொயர் எம்எம் போட்டால் அது 2.5 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். பழைய சாக்கெட்டைத் திறந்து பாருங்கள். டெர்மினல் பக்கம் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலும், ஸ்க்ரூ அரை சுற்று இறுகினாலும் அதை மாற்றிவிட வேண்டும். 4.5 கிலோவாட் என்றால் 19.6 ஆம்பியர், அதை எந்த 16 ஆம்பியர் பிளக்கிலும் சொருகக் கூடாது. தனி 4 ஸ்கொயர் எம்எம் லைன், 25 ஆம்பியர் எம்சிபி, இரண்டு பக்கமும் அறுக்கும் டபுள் போல் ஸ்விட்ச் வேண்டும். ஏ.சி.யும் இதுவும் சேர்ந்து ஓடும் வீடு என்றால் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். வெந்நீர் வரும் பக்கம் சி.பி.வி.சி. குழாயாக இருக்கட்டும், சாதாரண யு.பி.வி.சி. சூட்டில் இளகும்.

எர்த் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். உங்கள் சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டை இருக்கிறது என்பதால் எர்த் இருப்பதாக நினைக்க வேண்டாம். சர்வீஸுக்குப் போன பழைய ஃபிளாட்களில் நான் பார்த்தது: சாக்கெட்டைக் கழற்றினால் எர்த் முனையிலிருந்து நியூட்ரல் முனைக்கு விரல் நீளத்தில் ஒரு ஒயர்த் துண்டு. பச்சை ஒயரே வந்திருக்காது. டெஸ்ட் செய்தால் எர்த் 'இருப்பதாக'க் காட்டும். வழியில் எங்கேயாவது நியூட்ரல் அறுந்துவிட்டால், அந்தத் துண்டு வழியாக 230 வோல்ட்டும் ஹீட்டரின் உடம்புக்கு வந்துவிடும். எலிமென்ட் பழுதாக வேண்டிய அவசியம்கூட இல்லை. ஈரக் கையோடு குழாயைத் தொடுபவர் அங்கேயே முடிந்துபோவார். இதை டெஸ்டர் ஸ்க்ரூ டிரைவரால் கண்டுபிடிக்க முடியாது. சாக்கெட்டைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு எர்த் மீட்டர் வைத்திருக்கும் ஒரு எலக்ட்ரீஷியனைக் கொண்டு அளக்க வேண்டும். இங்கிருந்து உங்கள் வீட்டு எர்த் நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ என்னால் சொல்ல முடியாது.

எர்த்தோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (கரன்ட் கசிந்தால் உடனே சப்ளையை அறுக்கும் ஸ்விட்ச்) வேண்டும். ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்பது தவறு. எர்த் சரியாக இருந்தால் கசிவு தொடங்கியவுடனே ஆர்சிசிபி விழுந்துவிடும், யாரும் தொட வேண்டியதில்லை. எர்த் இல்லாவிட்டால் ஒருவர் தொட்டு, அவர் உடம்பு வழியாகக் கரன்ட் பாய்ந்த பிறகுதான் விழும். பெரும்பாலும் உயிர் பிழைக்கலாம், ஆனால் ஷாக் அடித்து வழுக்கி விழுவதே எழுபது வயதுக்காரருக்குப் போதுமான ஆபத்து. மாதம் ஒருமுறை அதிலிருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அன்றைக்கே மாற்றுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் யோசனை: குளியலுக்கு நீங்களே செய்த ஹீட்டர் வேண்டாம். உங்கள் திறமை மேல் சந்தேகத்தால் சொல்லவில்லை. இன்ஸ்டன்ட் ஹீட்டர்களின் பாதுகாப்புக்கு ஐ.எஸ். 302 பகுதி 2 பிரிவு 35 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. தண்ணீர் இல்லாமல் ஓட்டுவது, கட்அவுட்டை வேண்டுமென்றே செயலிழக்கச் செய்து பார்ப்பது, ஈரத்தில் வைத்துக் கசிவை அளப்பது போன்ற சோதனைகளில் பீஸ் கெட்டுப்போகும்வரை வதைத்துத்தான் ஒரு வடிவமைப்பை ஏற்பார்கள். வீட்டில் செய்த ஒரே பீஸை அப்படி வதைத்துப் பார்க்க வழியில்லை. முதலில் பழைய கீசர் எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள். எலிமென்ட் பிளேட்டின் கேஸ்கெட் என்றால் கேஸ்கெட்டையும், டேங்க் அரிக்காமல் காக்கும் மெக்னீசியம் ஆனோடு கம்பியையும் மாற்றினால் போதும், செலவு சொற்பம். டேங்கே துளை விழுந்திருந்தால் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள 3 லிட்டர், 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஒன்றை வாங்குங்கள். வருடம் ஒருமுறை சிட்ரிக் அமிலக் கரைசலால் உப்பை எடுங்கள். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், அது சுண்ணாம்போடு உலோகத்தையும் தின்றுவிடும்.

வடிவமைக்கும் ஆசையை இதனால் விட வேண்டியதில்லை. 24 வோல்ட் ஐசொலேட்டட் (மெயின் மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில்லாத) பவர் சப்ளையில் 240 வாட் எலிமென்ட் ஒன்றை வைத்து மேசை மேல் சின்ன மாதிரி செய்யுங்கள். நிமிடத்துக்கு 0.23 லிட்டர் ஓட்டத்தில் அதே 15 டிகிரி ஏற்றம் கிடைக்கும். அந்த ஓட்டத்தை நான் மேலே சொன்ன சக்கர சென்சார் படிக்காது, அவ்வளவு குறைந்த ஓட்டத்துக்கென்று இருப்பதை வாங்க வேண்டும். தாமதம், அலைவு, ஓட்டம் நின்றதும் ஏறும் சூடு எல்லாவற்றையும் அதில் அளந்து பார்க்கலாம், ஷாக் அடிக்காது.

எந்த வழியில் போனாலும் நான்கு விஷயங்களை அளந்து எழுதுங்கள்: அந்தப் பாத்ரூம் குழாயில் 15 லிட்டர் பக்கெட் நிறைய எத்தனை விநாடி ஆகிறது, காலை ஆறு மணிக்குப் பாயின்ட்டில் எத்தனை வோல்ட், தண்ணீரின் டி.டி.எஸ். எவ்வளவு, சாக்கெட்டைத் திறந்தபோது எர்த் முனையில் என்ன இருந்தது. மெயினை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். இவை கிடைத்தால் 3-ஆ 4.5-ஆ என்பதையும், ஒயர் மாற்ற வேண்டுமா என்பதையும் உறுதியாகச் சொல்லிவிடலாம்.